அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்ப்பதா, வேண்டாமா?

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு அடுப்பு உண்டு. ஒன்றில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் மீன் குழம்பு கொதிக்கும். இன்னொன்று அத்தையுடையது. மாமனார் காலமான வருடம் அத்தை சிவதீட்சை வாங்கிக்கொண்டு சுத்த சைவமாகிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய கரண்டி, சட்டி, பூரிக்கட்டை எல்லாம் தனி. பத்து வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு சண்டையும் வந்ததில்லை.

போன தீபாவளிக்கு லண்டனிலிருந்து வந்த கொழுந்தனார் பை நிறைய மிட்டாய் கொண்டுவந்தார். சிவப்பாக, பளபளவென்று, மெத்தென்று இருந்தவற்றில் இரண்டை அத்தை வாயில் போட்டுக்கொண்டார். எட்டாவது படிக்கிற என் மகன் உறையைத் திருப்பிப் படித்தான். "அப்பத்தா, இதுல மாட்டு ஜெலட்டின் இருக்கு, மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்குறது. கலருக்கு ஒரு பூச்சி. பளபளப்புக்கு இன்னொரு பூச்சி." அத்தை ஒன்றும் சொல்லாமல் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே எதை நம்பி வாங்குறது?"

அந்தக் கேள்விக்கு எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. உறையில் உள்ள பச்சைப் புள்ளியை நம்பிவிடுவது ஒன்று. பொருள் பட்டியலையும், அதில் நிறம், பூச்சு போன்ற சேர்க்கைகளைக் குறிக்கும் எண்களையும் படித்துப் பார்ப்பது இரண்டு. சந்தேகமானதை வீட்டிலேயே செய்துகொள்வது மூன்று. மூன்றையும் ஒரு வருடம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். நான் அசைவம் சாப்பிடுகிறவள் என்பதால் எனக்கு இதில் பக்தியும் இல்லை, பயமும் இல்லை. அந்த அளவில் என் தீர்ப்பை நம்பலாம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டியிருந்தது. அத்தைக்கு எது ஆகாது? அசைவம் என்று ஒரே சொல்லில் முடித்தால் வேலைக்கு ஆகாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. எலும்பு, தோல், வயிற்றுப் பை, மீன் இவையெல்லாம் உயிரைக் கொன்று எடுப்பவை. இதில் அத்தைக்கு இரண்டு பேச்சு இல்லை. தேன், மெழுகு, அரக்கு, ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கு இவை உயிரினம் சுரப்பவை. இங்கே அவர் யோசித்தார். தேனை விட முடியாது, பழனிப் பஞ்சாமிர்தமே தேன் இல்லாமல் கிடையாது. மூன்றாவது வகை, யாரும் போடாமல் தானாக வந்து விழுவது. அரிசி வண்டு, ரவைப் புழு, வெல்லத்தில் எறும்பு. "எறும்பு விழுந்த பாயசத்தை வடிகட்டிக் குடிச்சவதான் நான். அதை எதுக்குக் கேக்குற?" என்றார். பிறகு தன் புடவையைத் தானே பார்த்துக்கொண்டு, "பட்டு கட்டுறேனே, அது எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கூட்டுப்புழுவோடு கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நானும் அதைத் தொடவில்லை.

மூன்றாம் வகையைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியிலும் அதிலிருந்து தப்ப முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே அளவு வைத்திருக்கிறது: 100 கிராம் சாக்லேட்டில் சராசரியாகப் பூச்சித் துணுக்குகள் 60-ஐத் தொட்டால்தான் நடவடிக்கை, 100 கிராம் நிலக்கடலை வெண்ணெயில் 30, 50 கிராம் கோதுமை மாவில் 75. நம் ஊரில் தானியத்துக்கு யூரிக் அமில அளவு பார்க்கிறார்கள், கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. யூரிக் அமிலம் என்றால் வண்டின் எச்சம் என்று புரிந்துகொள்ளலாம். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. நாட்டு அத்தியின் உள்ளே குட்டிக் குளவி புகுந்து முட்டையிட்டு, மகரந்தம் சேர்த்து, அங்கேயே சாகும். அந்த மரம் காய்ப்பதே அப்படித்தான். ஆகவே முறம், சல்லடை, வெயில், இதற்கு மேல் இந்த வகைக்கு வைத்தியம் இல்லை.

இனி முதல் வழி. பச்சைப் புள்ளி.

உலகத்தில் வேறு எந்த நாட்டு உறையிலும் இவ்வளவு எளிமையான வசதி நான் பார்த்ததில்லை. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டமாகத்தான் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக 2020 விதிகளில் அதை முக்கோணமாக மாற்றினார்கள். கண்ணாடி இல்லாமலேயே அத்தை இதைப் பார்த்துவிடுவார். பால், தயிர், நெய் தவிர விலங்கிலிருந்து வந்த எது இருந்தாலும், மீனோ முட்டையோ ஜெலட்டினோ, பழுப்பு முக்கோணம் போட்டாக வேண்டும். எலும்பு, தோல் கவலை மட்டும் உள்ளவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கட்சி.

ஆனால் அந்த விதியிலேயே ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. தேன், தேன்மெழுகு, அரக்கு மூன்றும் அசைவக் கணக்கில் சேராது என்று அது சொல்கிறது. அதாவது பச்சைப் புள்ளி போட்ட மிட்டாயின் மேல் அரக்குப் பூச்சு இருக்கலாம், சட்டப்படி அது சைவமே. அரக்கு என்றால் மகாபாரதத்து அரக்கு மாளிகையின் அதே அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் சின்னக் கிளைகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி, தன்னைச் சுற்றிப் பிசின் போலச் சுரந்து மூடிக்கொள்கிறது. அந்தக் கிளையோடு வெட்டி எடுத்தால் கொம்பரக்கு. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் அந்தப் பெயரில் கிடைக்கும். அதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, வடிகட்டினால் தகடு தகடாக வரும் பொருளைத்தான் மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் சில பழங்களுக்கும் பளபளப்புப் பூசப் பயன்படுத்துகிறார்கள். ஜார்க்கண்டில் இது பெரிய பிழைப்பு. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். சுரப்பு மட்டும்தானே என்றால் முழுக்க அப்படியும் இல்லை. கிளையில் அந்தப் பூச்சிகள் பிசினுக்குள்ளேயே இருக்கின்றன. சுரண்டும்போது அவற்றையும் சேர்த்துத்தான் சுரண்டுகிறோம்.

அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. தேன் சரி, மெழுகு சரி, அரக்கு வேண்டாம். சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது, இவர் கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

பச்சைப் புள்ளியின் இன்னொரு குறை, அது உறையில் மட்டும்தான் இருக்கும். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பஃப்ஸின் மேல் முட்டை தடவினார்களா என்று எந்தப் புள்ளியும் சொல்லாது. கேட்டால் பையன் "இல்லக்கா" என்பான், உள்ளே இருக்கிற மாஸ்டர் "லேசா" என்பார். மிட்டாய்க் கடை இனிப்பின் மேல் மினுங்கும் வெள்ளி இழை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல். முன்பு மாட்டுக் குடல், தோல் அடுக்குகளுக்கு நடுவே வெள்ளியை வைத்து அடித்தே அதை மெல்லிதாக்கினார்கள். 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், வெள்ளி இழை செய்யும் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் கூடாது என்று விதி போட்டது. விதி இருக்கிறது, கடைக்காரர் எங்கே வாங்குகிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

பால்கூட வேண்டாம் என்பவர்களுக்கு 2022-லிருந்து தனியாக வீகன் முத்திரை இருக்கிறது. அது போட்ட பொருளில் தேனும் கிடையாது, அரக்கும் கிடையாது. அத்தைக்கு அது தேவைக்கு மேல் கறார். மோர் இல்லாத வீட்டில் அவர் இருக்க மாட்டார்.

இரண்டாவது வழி, எண்களைப் படிப்பது. இதற்கு என் மகன்தான் குத்தகைக்காரன். ஐரோப்பியப் பொருளில் எண்ணுக்கு முன்னால் ஈ (E) என்ற ஆங்கில எழுத்து நிற்கும். ஈ 120 என்று அவன் படித்ததும் அத்தை, "ஈயா?" என்று பதறியது இன்னும் எங்கள் வீட்டு நகைச்சுவை. ஈ இல்லைதான், ஆனால் பூச்சி.

அந்தப் பூச்சியின் கதை நம் மண்ணைத் தொட்டுப் போகிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோச்சினீல் என்று பெயர். கள்ளிச் செடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலக் கூட்டமாக இருக்கும். நசுக்கினால் விரல் ரத்தம் போலச் சிவக்கும். பெண் பூச்சிகளைச் சுரண்டிக் காயவைத்து, அதிலிருந்து எடுக்கும் சிவப்புதான் கார்மைன். ஒரு கிலோ காய்ந்த பூச்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உயிர். இன்று பெரும்பகுதி பெரு நாட்டிலிருந்து வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சிவப்பு தங்கம் போல விலை போனது. அதைச் சென்னையில் விளைவித்துவிட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சியும் வந்து சேர்ந்தது. வந்தது தரமான சாயம் தரும் இனமில்லை. நல்ல சாயம் கிடைக்கவில்லை, பூச்சி மட்டும் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1920-களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சியை, இந்த முறை தெரிந்தே, பரவிப்போன சப்பாத்திக்கள்ளியை அழிப்பதற்காகத் தென்னிந்தியாவில் கொண்டுவந்து விட்டார்கள். அத்தை சின்ன வயதில் கள்ளிப்பழம் பறிக்கப் போன இடத்தில் அந்த வெள்ளைப் பஞ்சை நசுக்கி விரலில் மருதாணி போலப் பூசி விளையாடியிருக்கிறாராம். "அதையா மிட்டாயில போடுறாங்க?" என்று கேட்டபோது அருவருப்பைவிட ஆச்சரியம்தான் முகத்தில் இருந்தது.

சரி, எண்களுக்கு வருவோம். நேரடியாகத் தள்ளிவிடக் கூடியவை கொஞ்சம்தான்: 120 கார்மைன், 904 அரக்கு, 542 எலும்புப் பாஸ்பேட். ஜெலட்டினைப் பெரும்பாலும் பெயர் சொல்லியே போட்டிருப்பார்கள். தொல்லை தருபவை இரட்டை வேடக்காரர்கள். எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். சுவையைக் கூட்டும் 631-ஐ மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்கவைத்தும் எடுக்கலாம். இந்த 631-ஐ வைத்துத்தான் "சிப்ஸில் பன்றிக் கொழுப்பு" என்ற வாட்ஸ்அப் செய்தி வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் குடும்பக் குழுவில் சுற்றும். உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் அந்த 631 விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை. எண் மட்டும் போட்டால் மூலம் தெரிவதில்லை என்பதே பிரச்சினை என்று 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றமும் சொன்னது. ஒவ்வொரு சேர்க்கையும் தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்று தெரிவிக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது.

அதே குழுவில் வரும் இன்னொரு செய்தி, சர்க்கரையை எலும்புக் கரியால் வெளுக்கிறார்கள் என்பது. அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் சிலவற்றுக்கு அது பொருந்தும். நம் கரும்பு ஆலைகளின் வழக்கமான முறை சுண்ணாம்பும் கந்தகப் புகையும். அதை அத்தையிடம் சொன்னபோது, "கந்தகமா? அதுக்கு எலும்பே தேவலையே" என்றார்.

படிப்பதால் வந்த உண்மையான லாபம் வெளிநாட்டுப் பைகளில்தான். மீன் ஒளிந்திருக்கும் இடங்களை நான் அப்படித்தான் கற்றேன். வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி வகை மீன். தாய்லாந்துக் குழம்புப் பசையில் இறால். யாழ்ப்பாணத்துச் சிநேகிதி கொடுத்த சீனிச் சம்பல் போத்தலில் மாசிக் கருவாடு. வெங்காயமும் சீனியும்தானே என்று அத்தைக்குப் பரிமாற இருந்தேன், கடைசி நேரத்தில் லேபிள் காப்பாற்றியது. இத்தாலிய பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரென்னட் சேர்த்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. நம் ஊர் சீஸ்களில் பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னட். அதை உறையிலும் போட்டிருப்பார்கள். அப்புறம், ஹலால் முத்திரையைச் சைவ முத்திரை என்று நினைத்துவிடக் கூடாது. ஹலால் ஜெலட்டினும் ஜெலட்டின்தான். மாடோ மீனோ முறைப்படி வந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

படித்தும் பிடிபடாதவை உண்டு. தயாரிக்கும்போது பயன்படுத்திப் பிறகு நீக்கிவிடும் பொருளை லேபிளில் போடும் கட்டாயம் பல நாடுகளில் கிடையாது. பீர் தெளிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தக் காற்றுப்பையைத்தான் நம் கடலோரத்தில் நெட்டி என்கிறார்கள். கூறல் கத்தாழை மீனின் நெட்டிக்கு இருக்கும் விலைக்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. கின்னஸ் நிறுவனமே அந்தப் பழக்கத்தை விடப் போவதாக 2015-ல்தான் அறிவித்தது. அத்தைக்கு பீர் கவலை இல்லை. வீட்டுக்காரர் மட்டும் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சைடு டிஷ்ஷே வேண்டாமே" என்றார்.

மூன்றாவது வழி, வீட்டில் செய்வது. இது எல்லாவற்றுக்கும் நடக்காது. ஆனால் நடக்கும் இடத்தில் மற்ற இரண்டையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜெலட்டினுக்கு மாற்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கடற்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் வெள்ளை நூலாகக் கட்டித் தருவார்கள். பெயர்தான் சைனா. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலேயே அகர் காய்ச்சுகிறார்கள். நோன்பு மாதத்தில் எங்கள் தெரு பாத்திமாக்கா வீட்டிலிருந்து வரும் ரோஸ் நிறக் கடற்பாசித் துண்டு, அத்தை கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடும் ஒரே வெளிவீட்டுப் பண்டம். அவர்களுக்கு மாட்டு ஜெலட்டின் எப்படி அறுத்தது என்ற கவலை, இவருக்கு மாடே கவலை. இரண்டுக்கும் பதில் ஒரே பாசி.

செய்முறையில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். ஜெலட்டினை வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் போதும், கொதிக்கவிட்டால் பலம் குறையும். கடற்பாசியைக் கண்டிப்பாகக் கொதிக்கவைத்து, நூல் முழுக்கக் கரைந்தபிறகே பாலில் சேர்க்க வேண்டும். நான் போடும் கணக்கு அரை லிட்டர் பாலுக்கு 10 கிராம், கரைக்கத் தனியாக ஒரு டம்ளர் தண்ணீர். ஜெலட்டின் குளிர்பெட்டியில்தான் உறையும், 35 டிகிரிக்கு வருவதற்குள் இளகிவிடும்; வாயில் வைத்ததும் கரைகிறது என்று ரசிக்கிறோமே, அது இதனால்தான். கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே வெளியில் உறைந்துவிடும், திரும்ப இளக 85 டிகிரி வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில், மின்சாரம் போன மதியத்தில், எது நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சை அன்னாசியோ பப்பாளியோ போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. அந்தப் பழங்களில் உள்ள நொதி புரதத்தை வெட்டிவிடும். கடற்பாசி புரதமில்லை, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது.

தோற்கும் இடமும் உண்டு, மறைக்க வேண்டாம். கடற்பாசி வாயில் கரையாது, மொறுக்கென்று உடையும். இரண்டு நாள் வைத்தால் தண்ணீர் விடும். மிட்டாயைப் போல இழுபட்டு மெல்ல வேண்டும் என்றால் ஆப்பிள், எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் பெக்டின்தான் பக்கத்தில் வரும். அதற்குச் சர்க்கரையும் புளிப்பும் சரியான அளவில் சேர வேண்டும், நான் மூன்று முறை செய்து இரண்டு முறை பாகாகத்தான் கிடைத்தது. மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயை வீட்டில் கடற்பாசி வைத்துச் செய்யும் ஆசையை விட்டுவிட்டேன். மகன் அதை "இனிப்பு ரப்பர்" என்று சொன்னதோடு முடிந்தது. சிவப்புக்கு பீட்ரூட் போதும். கொதிக்கவிட்டால் நிறம் மங்கும், அடுப்பை அணைத்தபிறகு சாற்றை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். சீஸுக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து திரித்த பனீர். பிட்சாவில் அது உருகாது, அத்தை பிட்சா கேட்டதும் இல்லை.

மூன்று வழிக்கும் வெளியே நிற்பது மருந்து. கேப்சூல் ஓடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டு, எருமை எலும்பு, தோல். பச்சைப் புள்ளி உணவுச் சட்டத்தைச் சேர்ந்தது, டாக்டர் எழுதித்தரும் மருந்துக்கு அது கட்டாயமில்லை. சத்து மாத்திரை என்ற பெயரில் உணவாக விற்பதில் மட்டும் புள்ளியைத் தேடலாம். வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறி ரோமப் பிசுக்கிலிருந்து வருகிறது. அத்தையின் கோட்டுக்கு அது இந்தப் பக்கம், அதனால் தடையில்லை. கேப்சூல் ஓட்டுக்குப் பதிலாக மாத்திரை வடிவமோ தாவர ஓடோ இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்டுவிடுகிறோம். இல்லை என்றால் அத்தை விபூதி பூசிக்கொண்டு விழுங்கிவிடுவார். கேப்சூலைத் திறந்து கொட்டிச் சாப்பிடும் யோசனை மட்டும் வேண்டாம்; சில மருந்துகள் வயிற்றில் எங்கே கரைய வேண்டும் என்பதையே அந்த ஓடுதான் தீர்மானிக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. இங்கே வாங்கும் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் எல்லாம் பச்சைப் புள்ளியோடு சரி. பளபளக்கும் மிட்டாய் என்றால் மட்டும் மகன் 904-ஐத் தேடுவான். வெளிநாட்டுப் பை என்றால் அவன் முழுதாகப் படித்துச் சொன்னபிறகே அத்தை கைநீட்டுவார். பேக்கரிப் பண்டம் அத்தைக்கு நிறுத்தம். ஜெல்லி, சிவப்பு இனிப்பு என்றால் வீட்டில்தான். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது என்னை மடக்கினால் பச்சைப் புள்ளி என்பேன், தயங்காமல். தினம் கடைக்குப் போகிறவளுக்கு ஒரு நொடியில் பதில் சொல்வது அது ஒன்றுதான்.

போன வாரம் கொழுந்தனார் போனில், அடுத்த மாதம் வருகிறேன், அம்மாவுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டார். அத்தை போனை வாங்கிச் சொன்னார்: "திங்கிற சாமான் ஒண்ணும் வேணாம்ப்பா. நல்ல நகவெட்டி ஒண்ணு கொண்டா."